டூ-வில் டபிள்யூ எதற்கு? ஆங்கிலச் சொற்களின் எழுத்துச் சாடை

ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்க 'டூ' என்கிறோம். எழுதும்போது டி, டபிள்யூ, ஓ என்று மூன்று எழுத்து போடுகிறோம். நடுவில் நிற்கும் டபிள்யூ வாயில் வருவதே இல்லை. அது எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "அது சைலண்ட், அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ."

நல்ல கேள்வி ஒன்று அந்தப் பதிலில் வீணாகிப் போகிறது. 'டூ'-வுக்குப் பக்கத்தில் 'ட்வின்' (இரட்டை), 'ட்வைஸ்' (இருமுறை), 'ட்வெல்வ்' (பன்னிரண்டு), 'ட்வென்டி' (இருபது), 'பிட்வீன்' (இரண்டுக்கும் நடுவே) ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் டி-யும் டபிள்யூ-வும் ஒட்டி நிற்கின்றன. எல்லாவற்றின் பொருளிலும் 'இரண்டு' இருக்கிறது. டூ-வில் ஊமையாக நிற்கும் டபிள்யூ மற்றவற்றில் வாய் திறந்து பேசுகிறது.

ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குள் முகச்சாடை இருப்பது போல, உறவான சொற்களுக்குள் எழுத்துச் சாடை இருக்கும். ஆனால் உறவே இல்லாத இருவருக்குள்ளும் சாடை தற்செயலாக அமைந்துவிடுவது உண்டு. 'இந்த எழுத்துகள் வந்தால் இந்தப் பொருள்' என்று பட்டியல் போட்டு ஆங்கிலச் சொற்களைப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பட்டியல் பாதி இடத்தில் கைகொடுக்கிறது, மீதி இடத்தில் காலை வாரிவிடுகிறது. எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஆங்கில எழுத்து பார்க்கும் இரண்டு வேலைகள்

தமிழில் எழுத்து என்றால் ஒலி. ஒலிக்காத எழுத்தை நாம் எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழைபவருக்கு 'நைஃப்' என்பதன் தலையில் கே எதற்கு, 'சைன்' என்பதன் நடுவில் ஜி எதற்கு என்று ஒவ்வொன்றும் பிழையாகவே தெரியும்.

ஆங்கில எழுத்துக்கு வேலை இரண்டு. சொல் எப்படி ஒலிக்கிறது, அல்லது ஒரு காலத்தில் எப்படி ஒலித்தது என்று காட்டுவது முதல் வேலை. அந்தச் சொல் வேறு எந்தச் சொல்லுக்கு உறவு என்று காட்டுவது இரண்டாவது. இரண்டும் முட்டிக்கொண்ட இடங்கள் பலவற்றில் உறவுதான் வென்றிருக்கிறது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவினார். அச்சு வந்தபின் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்த 1755 வாக்கில் அது பெரும்பாலும் இறுகிவிட்டது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான அதே காலத்தில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் அத்தனையும் இடம் மாறின. பல மெய்யொலிகளும் காணாமல் போயின. பேச்சு நகர்ந்துகொண்டே இருந்தது, எழுத்து பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. ஆங்கில ஸ்பெல்லிங் பெரும்பாலும் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய பேச்சின் பதிவு என்று வைத்துக்கொண்டால் பல புதிர்கள் தாமாக அவிழும். (எல்லாம் அல்ல. 'கோஸ்ட்' என்ற சொல்லில் ஜி-க்குப் பின் எச் வந்தது காக்ஸ்டன் காலத்து அச்சில், ஃபிளமிஷ் மொழி எழுத்துப் பழக்கத்தின் தாக்கத்தால். அதற்கு முன் அது எச் இல்லாமல்தான் இருந்தது.)

இனி அடிக்கடி வரப்போகும் மூன்று சொற்கள்:

1. வேர்: பல சொற்களுக்குப் பொதுவான அடிப்பகுதி. தமிழில் 'செய்' என்பதிலிருந்து செயல், செய்கை, செய்தி எல்லாம் கிளைப்பது போல.
2. முன்னொட்டு: வேருக்கு முன்னால் வந்து ஒட்டிப் பொருளை மாற்றும் துண்டு.
3. எழுத்துக்கூட்டு: சேர்ந்தே வரும் இரண்டு மூன்று எழுத்துகள். அதற்குப் பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இரண்டின் வீட்டுக்குள்

சரி, டூ-வுக்குத் திரும்புவோம். பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'ட்வா'. டபிள்யூ முழுசாக ஒலித்தது. பின்னால் உயிரொலி மாறி 'ஊ' ஆனது. 'வ்', 'ஊ' இரண்டுக்கும் உதடு குவிய வேண்டும். ஒரே குவிப்பில் இரண்டையும் சொல்ல முயன்றால் முதலாவது இரண்டாவதுக்குள் கரைந்துவிடும். அப்படித்தான் 'ட்வூ' என்பது 'டூ' ஆனது. 'ஹூ' (யார்) என்ற சொல்லிலும் டபிள்யூ இப்படியே கரைந்தது. 'ட்வின்', 'ட்வெல்வ்' போன்றவற்றில் அடுத்து வருவது உதடு குவியாத உயிர் என்பதால் அங்கே டபிள்யூ தப்பித்தது.

இந்தக் குடும்பத்தில் 'ட்வெல்வ்' என்பதை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இதன் பிற்பாதி 'லெஃப்ட்', அதாவது 'மீதி' என்ற சொல்லோடு உறவுடையது. பத்தை எண்ணி முடித்த பிறகு 'இரண்டு மீதி', அதுதான் பன்னிரண்டு. 'இலெவன்' என்பது 'ஒன்று மீதி'. பதின்மூன்றிலிருந்துதான் 'மூன்றும் பத்தும்' என்று கூட்டிச் சொல்லும் 'டீன்' முறை தொடங்குகிறது. பதினொன்றும் பன்னிரண்டும் ஏன் 'டீன்' என்று முடிவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

'ட்வைன்' இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல். 'ட்விஸ்ட்' என்ற முறுக்கலும் அதே அடியிலிருந்து வந்தது. பகலும் இரவும் கலக்கும் நேரத்து வெளிச்சத்துக்கு 'ட்வைலைட்' என்று பெயர்.

ஒன்றின் கதை இதற்கு நேர் எதிர். 'டூ'-வில் எழுத்தில் இருக்கும் வகரம் பேச்சில் இல்லை. 'ஒன்'-இல் பேச்சில் இருக்கும் வகரம் எழுத்தில் இல்லை. அதன் பழைய வடிவம் 'ஆன்'. இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டார வழக்கில் முன்னால் ஒரு 'வ' சேர, அதுவே பின்னாளில் பொது வழக்காகிவிட்டது. ஆனால் 'ஒன்லி' (ஒன்று போல, அதாவது மட்டும்), 'அலோன்' (முழுக்க ஒன்று, அதாவது தனியே), 'அட்டோன்' (ஒன்றாதல், அதிலிருந்து பிழைக்குப் பரிகாரம் தேடுதல்) ஆகிய பிள்ளைகள் அந்த வகரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. எழுத்தைப் பார்த்தால் மூன்றிலும் ஓ-வும் என்-னும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. 'ஆன்', 'எ' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடுகிறோமே, அவையும் தேய்ந்துபோன 'ஒன்'-தான்.

நமக்குத் தெரிந்த உறவினர்கள்

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் அங்கே ஆற்றிய உரையில் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். ஆங்கிலமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1822-இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் அந்த உறவுக்குள் இருந்த ஒழுங்கை விதியாக எழுதிக் காட்டினார். அதில் இரண்டு பகுதி நமக்குப் போதும்: மூலத்தில் 'த்' என்ற மெல்லொலி இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் வல்லொலியான 'ட்' வரும். மூலத்தில் ககரத்தின் மெல்லொலி இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் கே வரும்.

தமிழ் வேறு குடும்பம். ஆனால் சமஸ்கிருதச் சொற்கள் பல தமிழில் புழங்குவதால், இந்த விதியை நாம் வீட்டிலிருந்தபடியே சரிபார்க்கலாம்.

1. 'அத்வைதம்' என்றால் இரண்டில்லாதது. அதிலுள்ள 'த்வை' தான் 'டூ', 'ட்வின்' ஆகியவற்றின் உறவு. ஆங்கிலத்தில் ஊமையாகிவிட்ட வகரம் அத்வைதத்தில் இன்னும் ஒலிக்கிறது.
2. யானைத் 'தந்தம்' என்பதன் மூலம் 'தந்த', பல். ஆங்கிலத்தில் 'டூத்'. லத்தீன் வழி வந்த 'டென்டல்' இன்னொரு கிளை.
3. 'ஞானம்' என்பதும் 'நோ' (அறி) என்பதும் ஒரே வேர். நோ-வின் தலையில் கே இருப்பது இதனால்தான். பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே ஒலித்தது. லத்தீனிலும் கிரேக்கத்திலும் அதே இடத்தில் ஜி, என் இரண்டும் சேர்ந்து நின்றன. 'ரெகக்னைஸ்', 'டயக்னோஸ்', 'அக்னாஸ்டிக்', 'இக்னோர்' எல்லாவற்றிலும் அவற்றைக் காணலாம். அத்தனையிலும் 'அறிதல்' இருக்கிறது.
4. 'ஆஜானுபாகு' என்று உயர்ந்த தோற்றமுடையவரைச் சொல்கிறோம். முழங்கால்வரை நீண்ட கைகள் உடையவர் என்று பொருள். அதில் 'ஜானு' முழங்கால். ஆங்கிலத்தில் 'நீ', அதன் தலையிலும் ஒலிக்காத கே. ஜெர்மனியர் இன்றைக்கும் 'க்னீ' என்று கே-யை உச்சரித்தே முழங்காலைச் சொல்கிறார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலேயர் வாயிலிருந்து அந்தக் கே உதிர்ந்தது. அதற்குள் அச்சு அதைப் பிடித்து வைத்துவிட்டது.

ஒலிக்காத எழுத்து எங்கே ஒலிக்கும்?

ஒரு சொல்லில் ஊமையாக இருக்கும் எழுத்து, அதே வீட்டின் இன்னொரு சொல்லில் பேசும். ஸ்பெல்லிங் தடுமாறுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி எனக்குத் தெரிந்து இல்லை.

1. 'சைன்' எழுதும்போது ஜி மறந்தால் 'சிக்னல்', 'சிக்னேச்சர்' என்று சொல்லிப் பாருங்கள்.
2. 'ரிசைன்' எழுத 'ரெசிக்னேஷன்'.
3. 'பாம்' (வெடிகுண்டு) கடைசியில் பி உண்டா என்றால் 'பாம்பார்ட்'.
4. 'ஆட்டம்' (இலையுதிர் காலம்) கடைசியில் என் உண்டா என்றால் 'ஆட்டம்னல்'. 'காலம்' (செய்தித்தாள் பத்தி) எழுத 'காலம்னிஸ்ட்', 'கண்டெம்' (கண்டித்தல்) எழுத 'கண்டெம்னேஷன்'.
5. 'மஸில்' (தசை) நடுவில் சி உண்டா என்றால் 'மஸ்குலர்'.

உச்சரிப்பை மட்டும் பார்த்து 'சைன்' என்பதை எழுத்து மாற்றி எழுதிவிட்டால் 'சிக்னேச்சர்' என்பதோடு அதற்குள்ள உறவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒலிக்குத் தொல்லை தரும் எழுத்து பொருளுக்கு உதவுகிறது.

நேரும் கோணலும்

'நைட்', 'எய்ட்', 'ரைட்' ஆகிய மூன்றிலும் ஜி-யும் எச்-சும் சேர்ந்து ஊமையாக நிற்கின்றன. அந்த இடத்தில் தொண்டையிலிருந்து உராய்ந்து வரும் ஓர் ஒலி முன்பு இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்னும் இருக்கிறது: இரவு 'நாக்ட்', எட்டு 'ஆக்ட்' (ககரத்தை உரசிச் சொல்ல வேண்டும்). லத்தீனில் அதே இடத்தில் ககர டகரம் சேர்ந்து நின்றது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் லத்தீன் வழி வந்த ஒரு பங்காளி ஆங்கிலத்துக்குள்ளேயே உண்டு.

நைட்டுக்கு 'நாக்டர்னல்' (இரவில் நடமாடும்). எய்ட்டுக்கு 'அக்டோபர்', 'ஆக்டோபஸ்'. ரைட்டுக்கு 'ரெக்டாங்கிள்' (செங்கோணங்கள் கொண்ட செவ்வகம்), 'கரெக்ட்', 'டைரக்ட்'. 'அக்டோபர்' பழைய ரோமானிய நாட்காட்டியில் எட்டாம் மாதம், பெயர் அப்போது வைத்தது.

'ரைட்' என்பதன் முதற்பொருள் 'நேரானது'. அப்புறம்தான் 'சரியானது' ஆனது. அதற்கு எதிர்ச்சொல்லான 'ராங்' டபிள்யூ, ஆர் என்று தொடங்குகிறது. ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லின் பழைய பொருள் 'கோணலானது, வளைந்தது'. நேர் என்பதிலிருந்து நேர்மையையும், வளைவிலிருந்து கோணல் புத்தியையும் நம் மொழியும் இதே போல எடுத்திருக்கிறது.

டபிள்யூ, ஆர் சேர்ந்து தொடங்கும் மற்றவற்றைப் பார்த்தால் முறுக்கலும் வளைவுமாகவே இருக்கும். 'ரிங்' (துணியை முறுக்கிப் பிழிதல்), 'ரிஸ்ட்' (திரும்பும் மணிக்கட்டு), 'ரீத்' (வளைத்துக் கட்டிய மலர்வளையம்), 'ரெஞ்ச்' (திருகும் கருவி, திருகிப் பிடுங்குதல்), 'ரெஸில்' (கட்டிப் புரளும் மல்யுத்தம்), 'ரிக்கில்' (நெளிதல்), 'ரிங்கில்' (சுருக்கம்), 'ரை' (கோணிய). இங்கேயும் டபிள்யூ பழைய ஆங்கிலத்தில் ஒலித்தது. இவற்றில் பல ஒரே வேரின் கிளைகள்.

எல்லாமே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 'ரைட்' (எழுது) என்பதற்கு ஆரம்பப் பொருள் கீறுதல், செதுக்குதல். மரத்திலும் கல்லிலும் கீறிய காலத்துச் சொல் அது. முறுக்கலோடு அதற்குத் தொடர்பில்லை. கப்பல் சேதத்தைக் குறிக்கும் 'ரெக்' என்பதும் வேறு வழியில் வந்தது.

பார்வை ஒன்று, கோணம் பல

லத்தீன் வேர்கள்தான் எல்லாப் பட்டியல்களிலும் முதலில் வரும், அதனால் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு வேர்: 'ஸ்பெக்ட்', பார்.

உள்ளே பார்த்தால் 'இன்ஸ்பெக்ட்'. திரும்பிப் பார்க்க வைப்பது 'ரெஸ்பெக்ட்'. அடியிலிருந்து ஒரு மாதிரி பார்த்தால் 'சஸ்பெக்ட்'. முன்னே பார்த்தால் 'ப்ராஸ்பெக்ட்'. பார்க்க வந்தவர் 'ஸ்பெக்டேட்டர்'. தமிழில் 'பார்' என்பதை வைத்து மேற்பார்வை, எதிர்பார்ப்பு, பார்வையாளர் என்று கட்டியிருக்கிறோம் அல்லவா, அதே கட்டுமானம்.

'எதிர்பார்' என்பதற்கு ஆங்கிலம் 'எக்ஸ்பெக்ட்'. ஆனால் அதில் எஸ் இல்லை. முன்னொட்டின் கடைசியில் உள்ள எக்ஸ் என்ற எழுத்துக்குள்ளேயே ஸகர ஒலி இருப்பதால் வேரின் எஸ் அதற்குள் அடங்கிவிட்டது. சாடையைத் தேடும்போது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இப்படி ஒரு நெருங்கிய உறவு கைநழுவிப் போகும்.

வேர் இல்லாமலே வரும் சாடை

தமிழில் பளபள, பளீர், பளிச் என்றாலே கண் கூசுகிறது. 'பள' என்பது இலக்கணத்தில் தனி வேர்ச்சொல்லாக நிற்க வேண்டியதில்லை. அந்த ஓசை வந்ததும் ஒளி நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஜி, எல் சேர்ந்து தொடங்கும் சொற்கள் இந்த வேலையைச் செய்கின்றன: 'க்ளோ', 'க்ளீம்', 'க்ளிட்டர்', 'க்ளிஸன்', 'க்ளின்ட்', 'க்ளிம்மர்', 'க்ளேர்', 'க்ளாஸ்' என்று போகும் பட்டியல். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'க்ளாட்' என்பதற்குக்கூடப் பழைய பொருள் 'ஒளிர்கின்ற'.

இப்படிப் பொருளின் நிழல் படிந்த எழுத்துக்கூட்டுக்கு ஆங்கில மொழியியலாளர் ஜே.ஆர். ஃபிர்த் 1930-இல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயர் வைத்தார். 'ஒலிச்சாயல்' என்று தமிழில் சொல்லலாம். இதில் சில சொற்கள் உண்மையில் ஒரே வேரில் பிறந்தவை. மற்றவை ஓசைப் பொருத்தத்தால் வந்து சேர்ந்துகொண்டவை.

எஸ், என் சேர்ந்தால் மூக்கு. 'ஸ்நௌட்' (விலங்கின் நீள்மூக்கு), 'ஸ்நிஃப்' (முகர்தல்), 'ஸ்நோர்' (குறட்டை), 'ஸ்நார்ட்' (மூக்கால் சீறுதல்), 'ஸ்நீஸ்' (தும்மல்). நமக்கும் மூக்கு, மூச்சு, முகர்தல், மோப்பம் எல்லாம் மகரத்தில்தான் தொடங்குகின்றன.

இவற்றில் 'ஸ்நீஸ்' பிறக்கும்போது இந்தக் கூட்டத்தில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது எஃப், என் என்று தொடங்கியது. 'ஃப்நீஸ்' என்பது போல ஒலித்திருக்கும். எஃப், என் சேர்க்கை மொழியில் அருகிப்போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எஸ் என்ற எழுத்தை நீளமாக, ஏறத்தாழ எஃப் போலவே எழுதும் வழக்கமும் இருந்தது. படிக்கிறவர்கள் ஒன்றை மற்றொன்றாகப் படிக்க, 15-ஆம் நூற்றாண்டில் தும்மல் மூக்குச் சொற்களின் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே அங்கே மூக்குக் கூட்டம் ஒன்று இருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை. ஒலிச்சாயல் என்பது வெறும் கற்பனை இல்லை, அது சொற்களைத் தன் பக்கம் இழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

ஆனாலும் 'க்ளவ்' (கையுறை), 'க்ளூ' (பசை) ஆகியவற்றில் ஒளி இல்லை. 'ஸ்நோ' (பனி), 'ஸ்நேக்' (பாம்பு), 'ஸ்நெய்ல்' (நத்தை) ஆகியவற்றில் மூக்கு இல்லை. ஒலிச்சாயலை வைத்து ஏற்கெனவே தெரிந்த சொல்லை நினைவில் நிறுத்தலாம். தெரியாத சொல்லுக்குப் பொருள் ஊகிக்க அதை நம்பக்கூடாது.

பார்த்து ஒட்டவைத்த எழுத்துகள்

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. சில சாடைகள் மனிதர்கள் கையால் வரைந்தவை.

'வுட்', 'ஷுட்', 'குட்' மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன. மூன்றிலும் ஊமை எல். முதல் இரண்டில் அந்த எல்லுக்கு நியாயம் உண்டு: 'வில்' என்பதன் இறந்தகாலம் 'வுட்', 'ஷேல்' என்பதன் இறந்தகாலம் 'ஷுட்'. 'குட்' என்பதோ 'கேன்' என்பதிலிருந்து வந்தது. கேனில் எங்கே எல் இருக்கிறது? பழைய வடிவத்தில் எல் கிடையாது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், மற்ற இரண்டும் வைத்திருக்கின்றனவே என்று இதற்கும் ஒன்றைச் சேர்த்தார்கள். அது அன்றும் ஒலிக்கவில்லை, இன்றும் ஒலிக்கவில்லை.

'ஐலண்ட்' (தீவு) பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். எஸ் இல்லாமல்தான் இருந்தது. லத்தீன் 'இன்சுலா' வழி வந்த 'ஐல்' என்ற சொல்லோடு அதற்கு உறவு என்று தவறாக எண்ணி நடுவில் எஸ் செருகினார்கள். 'டிலைட்' (பெருமகிழ்ச்சி) பிரெஞ்சு வழி வந்தது. 'லைட்', 'ஃப்ளைட்' ஆகியவற்றைப் பார்த்து அதற்கும் ஜி, எச் ஒட்டவைத்தார்கள்.

'டெட்' (கடன்) என்பதன் நடுவிலுள்ள பி கொஞ்சம் மாறுபட்டது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி இல்லை. ஆனால் லத்தீன் மூலத்தில் இருந்தது. லத்தீன் கற்ற அறிஞர்கள் மூலத்தை நினைவூட்டுவதற்காகத் திரும்பச் சேர்த்தார்கள். 'டெபிட்' என்பதோடு உறவு அதனால் வெளிச்சமானது. 'டவுட்' என்பதன் பி-யும் அப்படியே, 'டூபியஸ்' அதன் உறவு. ஐலண்டின் எஸ் பொய்ச் சாட்சி, டெட்டின் பி காலம் தாழ்த்தி வந்த உண்மைச் சாட்சி.

வெறும் தற்செயல்

நமக்கு ஓடும் 'ஆறு' உண்டு, எண்ணும் 'ஆறு' உண்டு. இரண்டையும் யாரும் உறவு என்று நினைப்பதில்லை. பிறமொழியில் அதே தெளிவு நமக்கு இருப்பதில்லை.

'ட்வீசர்' என்ற சிறு இடுக்கிக்கு இரண்டு கைகள். எழுத்தும் டி, டபிள்யூ என்று தொடங்குகிறது. டூ குடும்பம் என்று யாரும் சத்தியமே செய்வார்கள். அது அந்தக் குடும்பமே அல்ல. கருவிகள் வைக்கும் சிறு பெட்டிக்குப் பிரெஞ்சில் 'எட்வீ' என்று பெயர். ஆங்கிலத்தில் அது தேய்ந்து 'ட்வீஸ்' ஆகி, பெட்டியின் பெயர் உள்ளே இருந்த கருவிக்கு வந்துவிட்டது. 'ட்விட்டர்', 'ட்வீட்' என்பவை பறவை ஒலியைப் போலச் செய்தவை. அங்கேயும் இரண்டு இல்லை.

'பென்', 'பென்சில்' இரண்டும் எழுதும் கருவிகள், முதல் மூன்று எழுத்தும் ஒன்று. ஆனால் பென் என்பது லத்தீனில் இறகைக் குறித்த சொல். பென்சில் என்பது 'சிறு வால், சிறு தூரிகை' என்ற பொருளுள்ள வேறு லத்தீன் சொல். பென்சிலுக்கு உண்மையான உறவு மருந்துக் கடையில் இருக்கிறது: பென்சிலின். அந்த மருந்தைத் தரும் பூஞ்சை நுண்ணோக்கியில் தூரிகை போலத் தெரிந்ததால் அதற்கு 'பெனிசிலியம்' என்று பெயர். 1928-இல் அதன் ஆற்றலைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், பூஞ்சையின் பெயரிலிருந்தே மருந்துக்குப் பெயர் எடுத்தார்.

இதைவிடச் சிக்கலானது பி, இ, டி என்ற மூன்றெழுத்து. 'பெடல்', 'பெடஸ்ட்ரியன்' (நடந்து போகிறவர்), 'சென்டிபீட்' (நூறு கால்), 'இம்பீட்' (காலைக் கட்டித் தடுத்தல்) எல்லாம் லத்தீன் 'கால்'. 'பீடியாட்ரிக்ஸ்' (குழந்தை மருத்துவம்), 'பெடகாஜி' (கற்பித்தல் கலை) ஆகியவை கிரேக்க 'குழந்தை'. பீடியாட்ரிக்ஸ் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கால் மருத்துவர் என்று நினைத்தால் எழுத்தைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டிஷ் முறையில் குழந்தை மருத்துவத்தை எழுதும்போது பி-க்கும் இ-க்கும் நடுவில் ஓர் ஏ வரும். அமெரிக்க முறை அதை எடுத்துவிட்டது. எழுத்து ஒன்று குறைந்ததில் வேர் இரண்டும் ஒன்றாகிப்போயின.

புதுச் சொல் எதிர்ப்பட்டால்

'சர்க்கம்ஸ்பெக்ட்' என்ற சொல்லை முதல்முறை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. வெட்டிப் பாருங்கள். 'ஸ்பெக்ட்' தெரிகிறது. மீதி 'சர்க்கம்'. வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டும் தெரிந்த துண்டாக இருக்க வேண்டும். பொருளில்லாத துண்டு மிஞ்சினால் வெட்டியது தவறான இடம்.
2. மிஞ்சியதற்கு உறவு தேடுங்கள். 'சர்க்கிள்', 'சர்க்கஸ்', 'சர்க்கம்ஃபரன்ஸ்' (சுற்றளவு) எல்லாவற்றிலும் 'சுற்றி'.
3. சேர்த்துப் படியுங்கள். சுற்றிப் பார்க்கிற. அதாவது அக்கம்பக்கம் பார்த்து நடக்கிற, எச்சரிக்கையான.
4. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் உட்கார்ந்தால் சரி. இடித்தால் அகராதியைத் திறந்து, சொற்பிறப்புக் குறிப்பில் எந்த மொழி, எந்த மூலம் என்று பாருங்கள்.

நான்காவதை யாரும் தவிர்க்கக்கூடாது. ட்வீசர் முதல் படியிலேயே 'இரண்டு' என்று நம்மை ஏமாற்றியிருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது அகராதிதான்.

ஐ, என்: தவறாகப் படித்தால் தீப்பிடிக்கும்

முன்னொட்டுகளில் அதிகக் குழப்பம் தருவது ஐ, என் என்ற இரண்டெழுத்து. அது இரண்டு வேறு முன்னொட்டுகள் ஒரே உருவில் வருவது. ஒன்று 'இல்லை': 'இன்விசிபிள்' (கண்ணுக்குத் தெரியாத). மற்றது 'உள்ளே': 'இன்ஸ்பெக்ட்', 'இன்ஹேல்' (மூச்சை உள்ளிழுத்தல்).

இரண்டும் அடுத்து வரும் எழுத்துக்கேற்ப உருவம் மாறும். பி, எம் முன்னால் 'இம்' ஆகும் ('இம்பாசிபிள்', 'இம்போர்ட்'). எல் முன்னால் 'இல்' ('இல்லீகல்'), ஆர் முன்னால் 'இர்' ('இர்ரெகுலர்'). மரம் என்பதோடு 'கள்' சேரும்போது மகரம் ஙகரமாகி 'மரங்கள்' ஆவது போன்ற புணர்ச்சிதான் இது. நாக்குக்கும் உதட்டுக்கும் எளிதான வழியை எல்லா மொழியும் தேடுகிறது.

எது 'இல்லை', எது 'உள்ளே' என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'இன்வேல்யுபிள்' என்பதை மதிப்பில்லாதது என்று படிப்பவர்கள் உண்டு. 'இல்லை' என்ற பொருள் அதில் இருப்பது உண்மை, ஆனால் மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பதே பொருள்.

ஆபத்தானது 'இன்ஃப்ளேமபிள்'. ரசாயன டப்பா, வாயு உருளை, டேங்கர் லாரி போன்றவற்றில் காணக்கூடிய சொல். 'இன்' இருப்பதால் தீப்பிடிக்காதது என்று படிக்கத் தோன்றும். இங்கே அது 'உள்ளே' என்ற முன்னொட்டு, தீக்குள் ஆக்குதல். உடம்பில் ஒரு பகுதி சிவந்து எரிவதற்கு 'இன்ஃப்ளமேஷன்' என்று பெயர், அதே சொல்லின் மறு உருவம். ஆக 'இன்ஃப்ளேமபிள்', 'ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். இந்தக் குழப்பத்தால் உயிர்ச்சேதம் வரக்கூடும் என்று அஞ்சிய தீப்பாதுகாப்புத் துறையினர் 20-ஆம் நூற்றாண்டில் 'இன்'-ஐ விட்டுவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதும் வழக்கத்தைப் பரப்பினார்கள். தீப்பற்றாத பொருளுக்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதுவார்கள். பழைய உருவமும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சொல் தாங்கிய டப்பாவைக் கண்டால், முன்னால் 'இன்' இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.